பிறர்பொருட்டுப் பேசுதலும் பிறர்வாய் அடைத்தலும்: இணையத் தணிக்கையின் அறம் குறித்துத் தேவிகுளத்திலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

அரசு கருத்துகளைத் தணிக்கை செய்வது புதிதன்று. இந்தியாவில் 1975 ஜூன் மாதம் அறிவிக்கப்பெற்ற நெருக்கடி நிலையின்போது நாளிதழ்கள் அச்சேறுமுன் தணிக்கையாளரின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அதற்கு எதிர்ப்பாகத் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு வெளிவந்த இதழ்களும் உண்டு. அவ்வெற்றிடத்தைக் கண்ட வாசகர், தம்மிடமிருந்து ஏதோ மறைக்கப்படுகிறது என்பதையேனும் அறிந்தனர். இணையத் தணிக்கையில் அவ்வறிவும் பெரும்பாலும் கிட்டுவதில்லை. நீக்கப்பட்ட பதிவு இருந்த சுவடின்றி மறைகிறது. தேடுவோர்க்கு அது என்றுமே இல்லாத ஒன்றாகத் தோன்றுகிறது.

இத்தகைய தணிக்கையை மேற்கொள்வோர் அனைவரும் தந்நலத்தினர் எனக் கொண்டால் வினா எளிதாகிவிடும், ஆய்வு வளராது. ஆகவே வினாவைக் கடினமான வடிவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். உழைக்கும் மக்களின் நலனைத் தான் அறிந்திருப்பதாக உண்மையாகவே நம்பும் ஒரு கட்சிக்கு, அந்நலன் கருதி அம்மக்களின் பேச்சைத் தடுக்கும் உரிமை உண்டா? ஒற்றைக் கட்சி ஆட்சி நிலவும் சீனத்தைப் பற்றிய இவ்வினாவிற்குத் தேவிகுளத்தில் விடை தேடுவது ஏன் என்னும் ஐயம் எழலாம். அதே கருத்தியல் வேரூன்றிய இம்மலைப்பகுதியில், அக்கருத்தியல் யார் பெயரால் பேசியதோ அவர்களே 2015இல் தாமாகப் பேசத் தொடங்கினர். அந்நிகழ்வை உரைகல்லாகக் கொண்டு இக்கட்டுரை அமைகின்றது.

கட்சியும் அதன் சார்பாண்மையும்

தொழிலாளர் தம் முயற்சியால் மட்டும் தொழிற்சங்க உணர்வு வரையே செல்ல இயலும். அரசியல் உணர்வு அவர்களுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்னும் கருத்தை லெனின் 1902இல் வெளிவந்த 'என்ன செய்ய வேண்டும்?' என்னும் நூலில் முன்வைத்தார். இதனை எளிதில் புறந்தள்ள இயலாது. சிதறிக் கிடக்கும் உழைப்பாளர்க்கு அமைப்பும் வேண்டும், கல்வியும் வேண்டும். தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் தேவிகுளம் பகுதியில், சங்கங்களும் கட்சிகளும் இவ்வகையில் ஆற்றிய பணியை மறுப்பது வரலாற்றுக்கு முரணாகும். கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசு 1957இல் தேர்தல் வழியே ஆட்சிக்கு வந்தபோது, தேவிகுளம் தொகுதி அக்கட்சியின் ரோசம்மா புன்னூசைச் சட்டமன்றத்திற்கு அனுப்பியது.

எனினும், பேச வாய்ப்பற்றோர்க்காகப் பேசுதல் வேறு. பேச முற்படுவோரைத் தடுத்தல் வேறு. முன்னது உதவி. பின்னது அவ்வுதவியைக் காரணங்காட்டிப் பெறும் ஆதிக்கம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையை மார்க்சியர்க்குள்ளேயே முதலில் உணர்ந்து எழுதியவர்களுள் ரோசா லக்சம்பர்க் குறிப்பிடத்தக்கவர். ருசியப் புரட்சியை வரவேற்ற அவர், ஆளுங்கட்சியை ஆதரிப்போர்க்கு மட்டும் உரிய விடுதலை விடுதலையாகாது என 1918இல் சிறையிலிருந்து எழுதினார். பொதுவாழ்வில் கருத்துமோதல் ஒழிந்தால் எஞ்சுவது அலுவலர் ஆட்சியே என்பது அவர் எச்சரிக்கையாகும்.

மூணாறு, 2015

2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையில் அமர்ந்தனர். ஊக்கத்தொகை குறைக்கப்பட்டதே உடனடிக் காரணம். 20 விழுக்காடு ஊக்கத்தொகையும், அன்று 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்துவதும் அவர்கள் கோரிக்கைகள். 'பெம்பிளை ஒருமை' எனப் பின்னர் அறியப்பட்ட இவ்வியக்கத்தின் தனித்தன்மை, அது நிருவாகத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கங்களையும் எதிர்த்து நின்றமையாகும். இடதுசாரிச் சங்கம், காங்கிரசுச் சங்கம் என்னும் வேறுபாடின்றித் தலைவர்களை அப்பெண்கள் விலக்கி வைத்தனர். ஒன்பது நாட்களுக்குப் பின், அரசின் முன்னிலையில் நிகழ்ந்த பேச்சில் 8.33 விழுக்காடு ஊக்கத்தொகையும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையும் ஆக 20 விழுக்காடு உறுதியாயிற்று. கூலியோ 500 ரூபாயை எட்டவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் 301 ரூபாய் என முடிவாயிற்று.

இந்நிகழ்வு இருவகையில் நம் வினாவிற்குத் துணைபுரிகின்றது. ஒன்று, அறிவு பற்றியது. கூலி உறையைப் பிரித்து அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் பங்கிடுபவர்க்கு, அக்கூலி போதாது என்னும் செய்தி முதலில் தெரிகிறது. கருத்தியலுக்கு அது பின்னரே வந்து சேர்கிறது. அக்கருத்தியல் எத்துணை நேர்மையானதாயினும் இவ்வரிசை மாறுவதில்லை. மற்றொன்று, மாண்பு பற்றியது. சங்கத் தலைவர்களே அதே தொகையைப் பெற்றுத் தந்திருந்தாலும், அப்பெண்கள் வேண்டியது முழுமையாகக் கிடைத்திருக்காது. தம் வாழ்வைப் பற்றித் தாமே சொல்லுதல் என்பதும் அவர்கள் வேண்டியவற்றுள் ஒன்று.

ஷென்சென், 2018

மூன்றாண்டுகளுக்குப் பின், சீனத்தின் ஷென்சென் நகரில் பற்றவைப்புக் கருவிகள் செய்யும் ஜாசிக் ஆலையின் தொழிலாளர் சிலர் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைக்க முயன்றனர். அந்நாட்டில் அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கீழன்றி வேறு சங்கம் இயங்கச் சட்டத்தில் இடமில்லை. முயன்றோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 2018 ஜூலையில் அவர்களும் ஆதரவாளரும் காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுக்குத் துணையாக வந்தோருள் பீக்கிங் முதலிய பல்கலைக்கழகங்களில் மார்க்சியம் பயின்ற மாணவரும் இருந்தனர். ஆகஸ்டு மாதம் அவர்களும் பிடிக்கப்பட்டனர். அவர்களின் ஆதரவு மடல்கள் இணையத்திலிருந்து நீக்கப்பட்டன.

மூணாற்றுப் பெண்களும் ஷென்சென் தொழிலாளரும் கேட்டவை ஏறத்தாழ ஒன்றே. மூணாற்றில் சினமும் ஏளனமும் எழுந்தன. ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. தொலைக்காட்சிகள் அதனை வீடுதோறும் கொண்டு சென்றன. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த வி. எஸ். அச்சுதானந்தன் போராட்டக் களத்திற்கே வந்து அப்பெண்களுடன் அமர்ந்தார். ஷென்செனில் தொழிலாளர் கட்சியின் அரசே தொழிலாளர் குரலை அழித்தது. இரு நாட்டு மக்களின் இயல்பிலோ தலைவர்களின் நற்பண்பிலோ இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. ஓரிடத்தில் ஆள்வோர்க்கு மாற்றாக வேறொருவர் வரக்கூடும். மற்றோரிடத்தில் வர இயலாது. சீன அரசமைப்பின் 35ஆம் உறுப்பு பேச்சுரிமையை வழங்குகிறது; கட்சியின் தலைமையை 2018இல் செய்த திருத்தம் முதல் உறுப்பிலேயே பொறித்தது. இரண்டும் மோதுமிடத்தில், கட்சிக்கு வெளியே நின்று தீர்ப்புரைப்பார் எவருமிலர்.

தீங்கு தடுத்தல் என்னும் வாதம்

இணையத்தில் பொய்யும் இழிமொழியும் பெருகுவதால் கட்டுப்பாடு தேவை என்பது தணிக்கைக்கான வலுவான வாதம். பெண்கள்மீது இணையத்தில் நிகழும் தாக்குதல்கள் உண்மையானவை. அவற்றைப் பொறுத்துக்கொள்ளுமாறு கூறுவது அறமாகாது. இக்காரணத்தை முன்னிட்டே 2020 நவம்பரில் கேரள இடதுசாரி அரசு, காவல்துறைச் சட்டத்தில் 118ஏ என்னும் பிரிவை அவசரச் சட்டத்தின் வழியே சேர்த்தது. மூன்றாண்டுச் சிறை வரை தண்டனை விதிக்க அது இடமளித்தது. ஆயின் அதன் சொற்கள், எந்த ஊடகத்தின் எந்த விமர்சனத்தையும் உள்ளடக்கும் அளவிற்கு அகன்றிருந்தன. அதே சட்டத்தின் 118 'டி' உட்பிரிவையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சு 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாதனவாக்கியிருந்தது. புதிய பிரிவிற்கு எதிர்க்கட்சிகளும் இதழாளரும் இடதுசாரி ஆதரவாளருமே எதிர்ப்புத் தெரிவித்தனர். சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது.

நல்ல நோக்கமும் தவறான கருவியைச் செய்யக்கூடும் என்பதற்கும், தடுக்கப்படாத பேச்சே அக்கருவியைத் திருத்தியது என்பதற்கும் இது சான்றாகும். இதற்கு மாறாக, வூகான் நகர மருத்துவர் லீ வென்லியாங் புதிய நோயைப் பற்றிச் சக மருத்துவரை எச்சரித்தமைக்காக 2020 ஜனவரியில் காவல்துறையால் கண்டிக்கப்பட்டார். அக்கண்டனம் திரும்பப் பெறப்பட்டது மார்ச்சு மாதத்தில். அவரோ பிப்ரவரியிலேயே அந்நோயால் இறந்திருந்தார்.

பல கட்சி ஆட்சி இக்குற்றத்திற்கு அப்பாற்பட்டது என்று கூறவியலாது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் இணையம் துண்டிக்கப்பட்டது. அதிவேக இணைப்பு முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியிலேயே. இடையில் 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில், காலவரையற்ற துண்டிப்பு ஏற்கத்தக்கதன்று, ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு வந்த பின்னும் ஓராண்டிற்கு மேல் மக்கள் காத்திருந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

வாயிலோன் கடமை

இவ்வறச்சிக்கலைத் தமிழ் மரபு அறியாததன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் பிழைத்தது பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் கேட்டதால். கோவலன் கூற்று அரசன் செவியை எட்டவேயில்லை. பின்னர்க் கண்ணகி வந்தபோது வாயிலோன் அஞ்சினான், ஆயினும் தடுக்கவில்லை. அவள் தோற்றத்தை உள்ளவாறு அரசனிடம் உரைத்து, ஆணை பெற்று, உள்ளே விட்டான். அவள் வரவு அரசனுக்கு நலம் பயக்குமா என ஆராய்வது தன் பணி என்று அவன் கருதவில்லை. தணிக்கையாளன் கருதுவது அதுவே. கண்ணகி உள்ளே விடப்பட்டதால் அரசன் உயிரிழந்தான் என்பது உண்மை. ஆயின் விடப்படாதிருப்பின் அவன் பிழை பிழையென்றே அறியப்படாமல் ஒழிந்திருக்கும். இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லை மலையிலுள்ள மங்கலதேவி கோயிலுக்குச் சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் மலையேறி வருகின்றனர். அரசவையில் தடுக்கப்படாமல் பேசிய ஒருத்தியையே அவர்கள் அங்கு வழிபடுகின்றனர்.

முடிவுரை

தடையொன்றை மதிப்பிட மூன்று வினாக்கள் தேவை எனலாம். அது காக்க முற்படுவது ஒரு மனிதரையா, ஆள்வோரின் பெயரையா? தடை விதிக்கும் ஆணை வெளிப்படையாக உள்ளதா? ஆணையிட்டவர் அல்லாத ஒருவரிடம் அதனை எதிர்த்து முறையிட வழியுண்டா? முதலிரண்டிற்கும் ஒற்றைக் கட்சி அரசு சில வேளைகளில் நல்ல விடை தரக்கூடும். மூன்றாவதற்கு அதன் அமைப்பிலேயே விடையில்லை.

ஒருவர்பொருட்டுப் பேசும் உரிமை அவரிடமிருந்தே பெறப்படுவது. அவர் வாய் திறக்கையில் அவ்வுரிமையை அவரிடமே ஒப்படைப்பது சார்பாளரின் கடமை. மூணாற்றுச் சாலையில் அமர்ந்த பெண்கள் கேட்ட கூலி முழுதும் இன்றுவரை விவாதத்திற்குரியதாக இருக்கலாம். அதனைக் கேட்க வேண்டியவர் யார் என்பதில் விவாதத்திற்கு இடமில்லை.