பூச்சியத்திலிருந்து தொடங்குவோர்

அனலைதீவுக்குப் பாலம் இல்லை. குறிகட்டுவானிலிருந்தோ ஊர்காவற்துறையிலிருந்தோ படகேறியே அங்கு செல்லவேண்டும். அரிசியும் ஆசிரியரும் வருவது அவ்வழியே. கடும் நோயுற்றவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் அவ்வழியே. பெரும் புயலொன்றில் படகும் மின்சாரமும் தொலைபேசியும் பல நாட்களுக்கு ஒருங்கே அற்றுப்போனால் என்ன செய்வது? "அப்படி எங்கே நடக்கப்போகிறது?" என்பது எளிதில் கிடைக்கும் பதில். அது அறிவுடைய பதிலா, அறமுடைய பதிலா என்பதே நம் கேள்வி.

தோமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1761இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற கட்டுரையை நண்பர் றிச்சட் பிறைஸ் 1763இல் வெளியிட்டார். முன்னர் கொண்ட நம்பிக்கையைப் புதிய சான்றின் அளவுக்குத் திருத்திக்கொள்ளும் கணக்கு அது. அவ்வழியில் லாப்லாஸ் வகுத்த விதியின்படி, வேறெதையும் நாம் அறியாதபோது, 50 ஆண்டுகள் நிகழாத ஒன்று அடுத்த ஆண்டில் நிகழ 52இல் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அடுத்த 50 ஆண்டுகளுக்குள் நிகழவோ ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு! 1914 முதல் தனுஷ்கோடிக்குப் புகைவண்டி வந்துபோயிற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடல் அந்த வண்டியையும் ஊரையும் கொண்டுபோயிற்று. 50 ஆண்டு அமைதி எதற்கும் உத்தரவாதமாகவில்லை.

தீவொன்றின் பதிவுகள் சிலவே. ஆதலால் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் அனுபவத்தையும், வாடையும் சோளகமும் அறிந்த படகோட்டியின் நினைவையும் சான்றாகச் சேர்க்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு படகு நிற்க நூற்றில் ஒரு வாய்ப்பென்றால், இரண்டும் நிற்கப் பதினாயிரத்தில் ஒன்று என்று காகிதம் சொல்லும். ஆனால் இரு படகையும் நிறுத்துவது ஒரே காற்றல்லவா? அப்போது இரண்டாவது படகு வெறும் ஆறுதலே.

கணக்கின் கூரிய பாடம் வேறு. பூச்சியத்தை எதனால் பெருக்கினும் பூச்சியமே. "நடக்கவே நடக்காது" என்று தொடங்குபவனை எந்தச் சான்றும் திருத்தாது. அத்தொடக்கம் அறியாமை மட்டுமன்று. செலவைத் தவிர்க்கும் வசதியும் ஆகும். அவ்வசதியின் விலையைக் கொடுப்பவர் கணக்கெழுதியவர் அல்லர், தீவில் இருப்பவரே.

சனத்தொகை சிறிது என்பதால் இழப்பும் சிறிதாகிவிடுமா? வாய்ப்பைக் கணிதம் அளக்கும். ஓர் உயிரின் எடையை அது அளப்பதில்லை. அதை நாமே வைக்கவேண்டும். கடலின் இக்கரையில் ஓர் எடை, அக்கரையில் வேறோர் எடை என்று வைக்கும் தராசு எத்துணை நுட்பமானதாயினும் நீதியானதன்று.