விடத் தெரிந்த கை

குதிரைகளையும் நாய்களையும் பழக்குவது என் தொழில் என்று சொன்னால், கேட்பவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார். "விலங்குகள் என்றால் உங்களுக்கு அவ்வளவு உயிரா?" என்பது ஒன்று. "பாவம், அதுபாட்டுக்கு இருக்கட்டுமே, ஏன் பழக்கணும்?" என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். தெருநாய்க்குத் தட்டில் மிச்சம் வைத்தும், வண்டிக் குதிரையைக் கண்டால் பள்ளிக்கூடத்தை மறந்தும் வளர்ந்தவன் நான். நேசிக்கிற உயிரைச் சொன்னபடி கேட்க வைப்பது என்ன நேசம் என்ற கேள்வி எனக்குள்ளும் வெகுகாலம் இருந்தது.

லாயத்துக்கு முதல்முறை வரும் விலங்குப் பிரியர்களைக் கவனித்திருக்கிறேன். ஆசையோடு கை நீட்டி நேராக நெற்றியைத் தொடப் போவார்கள். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை வரை அதனால் பார்க்க முடியும். தெரியாத இடங்கள் இரண்டுதான்: வாலுக்கு நேர் பின்புறம், நெற்றிக்கு நேர் முன்புறம். நம் பாசம் போய் நிற்பது அந்த இரண்டாவது இடத்தில். வேட்டையாடப்பட்டே வாழ்ந்து வந்த இனம் அது; கண்ணுக்குத் தெரியாத கை அதற்குப் பயம்தான். தோள்பக்கமாக வந்து, குரல் கொடுத்து, பிடரி முடியும் இடத்து மேட்டைத் தேய்த்துக்கொடுத்தால் தலை தானாகத் தாழும். குதிரைகள் தங்களுக்குள் பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. நாயும் அப்படித்தான். இறுக்கிக் கட்டிப்பிடித்தால் பல நாய்கள் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும். தூக்கம் வந்து விடும் கொட்டாவி இல்லை அது. "போதும், விடு" என்கிறது.

விடுவது என்பதில்தான் இந்தத் தொழில் முழுவதும் இருக்கிறது. நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையை எந்தக் கையாலும் இழுத்து நிறுத்திவிட முடியாது. லகானை லேசாகப் பிடிக்கிறோம். அது நடையைக் குறைக்க நினைத்த அந்தக் கணமே தளர்த்துகிறோம். இழுப்பு கேள்வியென்றால் தளர்வுதான் பாடம். தளர்த்த மறந்தவரின் கையில் குதிரையின் வாய் மரத்துப்போகும். பிறகு இன்னும் கடுமையான கடிவாளம் தேடுவார்கள். கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தின் ஸெனஃபோன் எழுதிவைத்தார். கோபமுள்ள கைக்குத் தளர்த்தத் தெரியாது.

பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் வளர்த்த ஹான்ஸ் என்ற குதிரையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கணக்குக் கொடுத்தால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் அறிஞர் குழு ஒன்று பார்த்துவிட்டு ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்து 1907-இல் உண்மையைச் சொன்னார்: கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரிவதில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவரே அறியாமல் இம்மியளவு அசைந்தது. அதைப் பார்த்து அது தட்டுவதை நிறுத்தியது. குதிரையின் அறிவு பொய்த்துப்போன கதையாகவே இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. ஒரு மனிதனை அவனைவிட நன்றாகப் படித்த உயிர் அது. நம் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியாமலே "சொன்னால் கேட்க மாட்டேன்கிறது" என்று அடிக்கிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஏன் பழக்கணும் என்ற அந்த இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னவர் விக்கி ஹெர்ன். அமெரிக்கக் கவிஞர், குதிரையும் நாயும் பழக்கியவர், யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், 2001-இல் மறைந்தார். பழக்குவதை அவர் ஒரு உறவாகப் பார்த்தார், இரு பக்கமும் கடமை உள்ள உறவாக. கனெக்டிகட் மாநிலத்தில் கொல்ல உத்தரவான பேண்டிட் என்ற நாய்க்காகப் போராடி, அதைப் பழக்கி, 1991-இல் புத்தகமும் எழுதினார். அவர் ஆதரித்த நாய்ப் பயிற்சியாளர் வில்லியம் கோலரின் முறைகள் கடுமையானவை. எனக்கு அவற்றில் உடன்பாடு கிடையாது. ஆனால் அடிப்படையில் அவர் சொன்னது சரி. கூப்பிட்டால் வரத் தெரிந்த நாயைத்தான் மைதானத்தில் அவிழ்த்துவிட முடியும். வரத் தெரியாத நாய்க்கு, அதை எவ்வளவு நேசித்தாலும், வாசல் கதவும் சங்கிலியும்தான் உலகம். பழக்காமல் அதுபாட்டுக்கு விடப்பட்ட வீட்டு நாய்கள் பல நம் வாசல்களில் கட்டித்தான் கிடக்கின்றன.

எப்போதும் கட்டிப்போட்டிருக்கும் நாயை நியாயமான அளவு நடக்கவோ ஓடவோ விடாமலிருப்பதை, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் குற்றம் என்றே சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். உங்கள் வாசலில் கட்டியிருக்கும் நாயை இன்று மாலை அவிழ்த்து, வாரைக் கையில் தளர்வாகப் பிடித்து, அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது திரும்பிப் பார்த்த அந்தக் கணமே ஒரு துண்டு பிஸ்கட்டோ ஒரு நல்ல வார்த்தையோ கொடுங்கள். நாளையும் அப்படியே செய்யுங்கள்.