பிரிந்த குமிழும் அதே செடியும்

சிம்பிடியம் ஆர்க்கிட் முன்னோக்கி வளர்கிறது. ஆண்டுதோறும் புதுக் குமிழ் முளைக்க, பழையது இலை உதிர்த்துப் பின்தங்குகிறது. அந்த இலையற்ற குமிழிலும் உறங்கும் மொட்டு உண்டு. வெட்டி ஈரப்பாசியில் வைத்தால் துளிர்க்கும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆர்வலர்கள் இத்தகைய குமிழ்களை விற்பதும் மாற்றிக்கொள்வதும் உண்டு.

இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட 'அலெக்சாண்டரி வெஸ்டன்பர்ட்' என்ற சிம்பிடியத்துக்கு ராயல் தோட்டக்கலைச் சங்கம் 1922இல் முதல்தரச் சான்றிதழ் அளித்தது. அதன் துண்டுகள் அனைத்தும் அதே பெயரைத் தாங்கும். அன்று பரிசு பெற்ற குமிழ்கள் மட்கிப் போயிருக்கும். அப்படியானால் இன்று கைமாறுவது எது?

பொருளே செடி என்றால், அந்தச் செடி இன்று இல்லை. மரபமைப்பே செடி என்றால், 1960இல் தாவரவியலாளர் ஜார்ஜ் மொரேல் காட்டிய நுனித்திசு வளர்ப்பில் பிறக்கும் ஆயிரம் கன்றுகளும் அதுவே. ஆனால் சேகரிப்போர் அவற்றைவிட மூலச்செடியின் துண்டுக்கே கூடுதல் விலை தருகிறார்கள். இதை வீண் மோகம் என்று தள்ளிவிட முடியாது. பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் துறவி நாகசேனர், இரவெல்லாம் எரியும் சுடர் அதுவுமல்ல, வேறுமல்ல என்கிறார். அறுபடாத தொடர்ச்சியே அங்கு அடையாளம். குமிழுக்கு இவ்விடை மிகவும் பொருந்துகிறது, ஒரு திருத்தத்துடன்: சுடர் தொடர யார் நேர்மையும் தேவையில்லை. குமிழின் தொடர்ச்சிக்கோ பெயர்ச்சீட்டு மட்டுமே சாட்சி. இலையற்ற குமிழைப் பார்த்து ரகத்தைச் சொல்ல இயலாது. பொய்ச்சீட்டு பணத்தோடு வரலாற்றையும் பறிக்கிறது. தொடர்ச்சியில் நோயும் அடங்கும்: சிம்பிடியம் தேமல் வைரஸ் குமிழோடும் வெட்டும் கத்தியோடும் பரவும். ஆகவே அதை மறைத்து விற்பவர் பாதிச் செடியைப் பற்றியே உண்மை சொல்கிறார்.