யாரும் அமராத ஆசனம்

ஒரு சமுதாயம் தன்னைத்தானே ஆண்டுகொள்கிறது என்று சொல்லும்போது, அந்த ஆளும் உரிமை எங்கே குடிகொண்டிருக்கிறது? அரசன் தலையிலுள்ள முடியிலா, படைவீரன் கைவாளிலா, சட்டப் புத்தகத்திலா என்று ஆராயப் புகுந்தால், முடியும் வாளும் புத்தகமும் வெறும் பொருள்களாய் நிற்க, அவற்றைக் கண்டு தலைவணங்கும் மக்கள் எல்லோரும் சேர்ந்து தம் மனத்தில் வளர்த்த ஒரு பாவனையே அதிகாரத்தைப் பிறப்பிக்கிறது என்பது புலப்படும். பாவனை என்றதும் பொய் என்று கொள்வாருண்டு. அது மெய்யாவதும் பொய்யாவதும் அதை நாம் பேணும் விதத்தைப் பொறுத்தது என்பதே என் அபிப்பிராயம். இதைத் தெளிவிக்க மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் நடுப்பகுதியில் வாழும் அசாந்தி மக்களின் பொற்பீடத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தோன்றவில்லை.

அசாந்தியரிடையே மரப்பீடம் வெறும் வீட்டுச் சாமான் ஆகாது. அதில் அமர்கிறவனுடைய ஆன்மா அதிலே படிந்துவிடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதலால், எழுந்து போகும்போது வேறெந்த ஆவியும் வந்து உட்காராதபடி பீடத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். சிதறிக் கிடந்த சிற்றரசுகளைக் குமாசி நகரத்து மன்னன் ஒசெய் டுட்டு ஒன்றுசேர்த்த காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டு முடிந்து 18ஆம் நூற்றாண்டு தொடங்கும் தறுவாயில், ஒகோம்ஃபோ அனோக்கியே என்னும் பூசாரி ஒரு வெள்ளிக்கிழமையன்று பொன்மயமான பீடமொன்றை வானிலிருந்து வரவழைத்து மன்னன் மடியில் இறக்கினான் என்பது ஐதிகம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்மகவுக்கு இடும் கோஃபி என்ற பெயரையே அதற்கும் இட்டார்கள். அசாந்தி இனம் முழுவதன் ஆன்மாவும் அதிலே உறைகிறது என்று நம்பியதனால், அது தரையில் படலாகாது, அதில் எவரும் அமரலாகாது என்று விதித்தார்கள். பட்டமேற்கும் மன்னனைக்கூட அதன்மேல் தாழ்த்திப் பிடித்து உயர்த்துவார்களேயன்றி, அவன் உடல் அதைத் தீண்ட விடுவதில்லை.

இந்த ஏற்பாட்டிலுள்ள விவேகம் என்னை வியக்க வைக்கிறது. எல்லோருக்கும் உரிய ஆன்மா ஒருவருக்கும் ஆசனமாக முடியாது என்று ஆகிவிட்டால், மன்னன் அதன் காவலனாகலாம், உடைமையாளனாக முடியாது. அசாந்தியரும் அடங்கிய அக்கான் மக்களின் மரபில், தலைவன் பதவியேற்கும் நாளிலே, ஆலோசனையின்றி எதையும் செய்யாதே, குடிகளை இழித்துப் பேசாதே என்றெல்லாம் மக்கள் சார்பில் அவனுக்கு நேருக்கு நேர் எடுத்துரைப்பார்கள். மீறினால் இறக்கியும் விடுவார்கள். முன்னோர் சமாதியிலிருந்த பொன்னை எடுத்துக்கொண்டான் என்ற குற்றச்சாட்டின்பேரில், 1874ஆம் ஆண்டு கோஃபி கரிகாரி என்ற மன்னனே பட்டத்தை இழந்தான்.

இதன் மர்மம் அயலாருக்கு விளங்கவில்லை. 1896ஆம் ஆண்டு, போரிட்டு நாட்டை அழிக்க விரும்பாமல் பணிந்த மன்னன் பிரெம்பேயை ஆங்கிலேயர் சிறைபிடித்து, பின்னர் சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். மன்னனைப் பறிகொடுத்தும் மக்கள் பொறுத்திருந்தார்கள். ஆனால் 1900ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் கவர்னர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, கூடியிருந்த தலைவர்களை நோக்கி, பேரரசியின் பிரதிநிதியாகிய தனக்கு அமர்வதற்குப் பொற்பீடம் ஏன் கொண்டுவரப்படவில்லை என்று கேட்டபோது, அவர்கள் மறுமொழி கூறாமல் கலைந்து சென்றார்கள். சில நாட்களுக்குள் எஜிசு நகரத்து ராஜமாதா யா அசந்தேவாவின் தலைமையில் யுத்தம் மூண்டு, கவர்னரே கோட்டைக்குள் முற்றுகையில் அகப்பட்டுக்கொண்டார். போரில் அசாந்தியர் தோற்றார்கள். யா அசந்தேவா 1921ஆம் ஆண்டு சீசெல்ஸில் உயிர் நீத்தார். பீடம் மட்டும் ஆங்கிலேயருக்கு அகப்படவில்லை. மண்ணுக்குள் மறைத்து வைத்திருந்த அதைச் சாலை போடும் வேலையாட்கள் தற்செயலாகத் தோண்டியெடுத்து, அதன் பொன்னணிகளைச் சிலர் களவாடியபோது நாடு முழுவதும் துக்கம் காத்தது. அந்தத் துக்கத்தைக் கண்ட பிறகுதான், அப்பீடத்தில் தங்களுக்கு உரிமை இல்லை என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது; 1935ஆம் ஆண்டு அசாந்திக் கூட்டாட்சி மீண்டும் ஏற்பட்டது.

இவ்வளவு போற்றுதற்குரிய பாவனைக்கும் இருண்ட முகம் ஒன்று உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. போரில் கொன்ற பகையரசர்களின் பொன்னுருவங்களை அப்பீடத்திலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அடிமை வாணிகத்தில் அசாந்தி அரசுக்குப் பங்கு இருந்தது. விற்கப்பட்டவனுடைய ஆன்மாவுக்கு அந்தப் பொன்னில் இடமில்லை. ‘நாம்’ என்ற எல்லை எதுவரை என்று கேளாத ஐக்கியம் எங்கேயும் இத்தகைய கொடுமைக்கு இடங்கொடுத்துவிடும்.

கானாவின் தத்துவ அறிஞர் குவாசி விரெடு, பெரும்பான்மையின் வெற்றியை நாடாமல் அனைவரும் இசையும்வரை பேசி முடிவு காணும் அக்கான் மரபைப் போற்றி, அதற்கு ஆதாரமாக ஒரே வயிறும் இரு தலைகளும் கொண்டு இரைக்குச் சண்டையிடும் முதலைகளின் அக்கான் சின்னத்தைக் காட்டினார்: தலைகள் பிணங்கினாலும் நலம் ஒன்றே என்பது அதன் கருத்து. நைஜீரியரான இம்மானுவேல் எசே இதை ஏற்கவில்லை. எல்லோருடைய நலமும் முடிவில் ஒன்றே என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். பண்டைய தலைவனின் அதிகாரம் தர்க்கத்தால் மட்டும் நிலைபெறாமல், புராணத்தையும் புனித நம்பிக்கையையும் பற்றி நின்றதென்றும் நினைவூட்டினார். எனக்கு இருவருமே வேண்டியவர்கள். அந்த ஒற்றை வயிறு இயற்கை தந்ததன்று, நாம் கற்பித்துக்கொண்டதே என்று எசே பக்கம் நான் சாய்கிறேன். கற்பித்துக்கொண்டதனாலேயே அதை நாள்தோறும் பேச்சாலும் இணக்கத்தாலும் காத்தாக வேண்டும் என்று விரெடுவிடம் திரும்பி வருகிறேன்.

காவாவிட்டால் நேர்வதை அதே நாட்டின் பிற்காலச் சரித்திரம் காட்டுகிறது. 1957ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் கானாவை விடுதலைக்கு இட்டுச் சென்று, கண்டம் முழுவதும் ஒன்றாக வேண்டுமென்று கனவு கண்ட குவாமே நிக்ரூமா மகத்தான கற்பனை வாய்ந்தவர். ஆயினும் மக்களுடைய நம்பிக்கை அவரொருவருடைய உருவத்திலேயே குவியலாயிற்று. விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் 1958இல் வந்தது. அவரை அரசியல் பணிக்கு அழைத்தவர்களுள் ஒருவரான டான்குவா 1965இல் சிறையிலேயே மாண்டார். 1966இல் நிக்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்தபோது அவருடைய சிலையும் வீழ்ந்தது. யாரும் அமரக்கூடாத இடத்தில் ஒரு மனிதர், அவர் எத்தனை பெரியவராயினும், அமர்ந்துவிட்டால், அவரோடு அந்த இடமும் சரிகிறது.

ஆகவே குடும்பத்திலாயினும், சங்கத்திலாயினும், தேசத்திலாயினும் இது நம் எல்லோருக்கும் பொதுவான பெருமை என்று ஒன்றைக் காட்டி நம் வணக்கத்தைக் கோருகிறவர்களிடம் நான் ஒரே கேள்வியைக் கேட்க விரும்புகிறேன்: இந்தப் புனிதம் உங்களை எதைச் செய்யவொட்டாமல் தடுக்கிறது? பிறரை அது எதற்கெல்லாம் கட்டுப்படுத்தும் என்று விரிவாகச் சொல்ல எல்லோராலும் முடியும். தம்மை அது கட்டும் இடத்தைச் சொல்ல இயலாதவர், பொதுவுடைமையைச் சொந்த ஆசனமாக்கிக்கொள்ள வந்தவர் என்றே நான் முடிவு செய்வேன்.