கண்ணாடி யாருக்கு உறுத்துகிறது?

கண்புரை முற்றினால் அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழியில்லை. எப்போது, எந்த லென்ஸ், எவ்வளவு செலவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிட்டப்பார்வையை லேசரால் சரிசெய்துகொள்வது அப்படியல்ல. மாற்று வழி மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற ஒரு கண்ணில் கைவைக்கச் சம்மதிப்பதா என்பதை டாக்டர் ஒருவரே தீர்த்துவைத்துவிட முடியாது. அதனால்தான் எல்லாச் சந்தேகங்களையும் கேட்டுத் தெளிந்துகொண்டு வந்த பிறகும் பலர் முடிவெடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு வயது 41. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4. பரிசோதனையில் எல்லாம் சாதகமாகவே வந்தது. கருவிழியின் முன்படலமான கார்னியா நடுப்பகுதியில் சுமார் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல் தடிமன் இருக்கும். லாசிக் முறையில் அதன் மேலடுக்கை 100, 120 மைக்ரான் கனத்துக்கு ஒரு மூடிபோலத் திறந்து, அடியில் உள்ள திசுவை லேசரால் இழைத்து எடுக்கிறார்கள். ஒரு டயாப்டர் பவரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 16 மைக்ரான் போகும். இவ்வளவும் போக அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். 300 இருந்தால்தான் தொடுவேன் என்கிற டாக்டர்களும் உண்டு. எனக்குத் தாராளமாகவே மிஞ்சும். கார்னியா கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸ் நோயின் சாயல் ஸ்கேனில் தெரிந்தாலோ, பவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டிக்கொண்டிருந்தாலோ திருப்பி அனுப்பிவிட வேண்டும். எனக்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

கருவியின் மீதும் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. சொல்லப்போனால் ஊர்ப்பாசமே உண்டு. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புறஊதா லேசர், சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் வேண்டிய இடத்தை மட்டும் செதுக்கும் என்று கண்டவர்களில் முதன்மையானவர் 1929இல் மெட்ராஸில் பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கிய ரங்கசாமி சீனிவாசன். 1981 நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை நியூயார்க் மாநிலத்தில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதில் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். வெட்டு சுத்தமாக விழுந்தது. சாமுவேல் ப்ளம், ஜேம்ஸ் வின் என்ற சகாக்களோடு சேர்த்து அவருக்கு 2013இல் அதிபர் ஒபாமா தேசியப் பதக்கம் வழங்கினார். மைக்ரான் கணக்கில் செதுக்கும் அந்தக் கருவி சொன்னதைச் செய்யும். செய்யச் சொல்வதா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முன்னின்று நடத்திய 'ப்ரௌல்' ஆய்வுகளின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. கண்கூச்சம், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், இரட்டைத் தோற்றம் எதுவுமே முன்பு இல்லாதிருந்தவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், சிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் அவற்றில் ஒன்றாவது புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றும் சொன்னார்கள். அந்தத் தொல்லையால் அன்றாட வேலையே மிகவும் சிரமமாகிவிட்டது என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முதலில் படித்தபோது முரணாகப்பட்டது. முரண் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது பெரிது, கொடுத்த விலை சிறிது. ஆனால் அதே ஒளிவட்டம் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவருக்குச் சிறிய விலையாக இருக்காது. ஏசி அறையில் நாள் முழுதும் திரையைப் பார்த்து ஏற்கெனவே கண் வறண்டிருப்பவருக்கு, கார்னியாவின் நரம்புகள் வெட்டுப்படுவதால் வரும் கூடுதல் வறட்சி வேறு கணக்கு. சராசரி மனிதரின் திருப்தியை வைத்து நான் முடிவெடுக்க முடியாது என்று அப்போதுதான் பட்டது.

அதனால் ஒரு தாளை எடுத்து, கண்ணாடி எனக்கு எங்கெல்லாம் இடைஞ்சல் என்று எழுதினேன். மழையில் ஸ்கூட்டர் ஓட்டும்போது. இட்லிப் பானையைத் திறக்கும்போது. அதற்கப்புறம் எழுதியவை வேறு மாதிரி இருந்தன: பள்ளியில் வைத்த 'சோடாபுட்டி' என்ற பெயர், பெண் பார்க்க வந்த அன்று "கொஞ்ச நேரம் கழட்டி வையேன்மா" என்ற பெரியம்மா, கல்யாண ஆல்பத்தில் எங்கே பார்க்கிறேன் என்றே தெரியாத என் முகம். பட்டியலில் பாதிக்கு மேல் அடுத்தவர் கண்ணுக்கு உறுத்தியவை. அவற்றுக்காக இந்த வயதில் நான் மேசையில் படுக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்தில் எழுதியது ஒன்றே ஒன்று. மைனஸ் 4 கண், கண்ணாடி இல்லாமலேயே 25 சென்டிமீட்டர் தூரத்தில் தெளிவாகப் பார்க்கும். நான் அச்சுப்பிழை திருத்திப் பிழைக்கிறவள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். என்னைப் போன்றவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொள்ளலாம். லேசர் செய்துகொண்டால் தூரம் தெளிவாகும், கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். என் விஷயத்தில் லேசர் கண்ணாடியை ஒழிக்காது. தெருவில் கழற்றி மேசையில் மாட்டிவிடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் அமைக்கும் வழியும் உண்டு. கான்டாக்ட் லென்ஸில் அதை முன்கூட்டியே பழகிப் பார்க்கலாம் என்றார்கள். பழகிப் பார்த்தேன், பொடி எழுத்தோடு மல்லுக்கட்ட அது தோதுப்படவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேண்டாம் சரி அத்தை, அதனால எனக்கும் வேண்டாமா?" என்றாள். அவளுக்கு 24 வயது, மைனஸ் 3, இரண்டு வருடமாக பவர் மாறவில்லை. வேலை, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது. குளக்கரையில் நின்று மறுகோடியில் தத்தளிக்கும் தலையை அவள் பார்த்தாக வேண்டும், பார்த்த மறுநொடி குதித்தாக வேண்டும். கான்டாக்ட் லென்ஸோடு தண்ணீரில் இறங்கவும் கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கடியில் தங்கிக் கார்னியாவை அரித்துவிடக்கூடும். அவள் தாளில் எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியும் அவளுடையதாகவே இருந்திருக்கும்.

நான் கேட்டதெல்லாம் வேறு. ரயில்வே தேர்வு எழுதும் எண்ணம் இருக்கிறதா? உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்த கண் தகுதியில்லை. செதுக்கிய திசு திரும்ப வளராது என்று தெரியுமா? தையலைப் பிரித்துத் தைக்கலாம், வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. பவர் போனாலும் நீண்டுபோன கண்விழி நீண்டபடியேதான் இருக்கும், விழித்திரையை அவ்வப்போது காட்டிக்கொள்ளத்தான் வேண்டும். சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளைப் பத்திரப்படுத்து, பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் கணக்கிட அவை உதவும். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. செய்துகொண்டாள். சில வாரம் குளத்தில் இறங்கக் கூடாதென்று சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள், சில மாதம் சொட்டு மருந்தோடு அலைந்தாள். இரவில் தெருவிளக்கைச் சுற்றி இன்னும் லேசாக வளையம் தெரிகிறதாம். "பரவாயில்லை அத்தை" என்கிறாள். அந்த விலை அவளுக்குக் கட்டுப்படியாகிறது.

இப்போது யாராவது "செஞ்சுக்கலாமா?" என்று கேட்டால் நான் ஆமென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை. ஒரு வாரம் கண்ணாடி எங்கே தடுத்தது, எங்கே கைகொடுத்தது, உறுத்தியது தங்களுக்கா அடுத்தவருக்கா என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். அந்தத் தாளோடு பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் கேட்கவும் கேள்வி இருக்கும். பண்டிகைச் சலுகை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்று போன் வந்தால், அடுத்த பண்டிகைக்கும் சலுகை வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டு நிதானமாகவே எழுதலாம்.