தேடி வந்த மீனை விட்டுவிடலாமா?

2012 ஜூன் மாதம் அலாஸ்காவின் குஸ்கோக்விம் ஆற்றில் சினூக் சால்மன் வரத்து மிகவும் குறைந்துபோனது. அரசு வலை போடத் தடை விதித்தது. கரையோர யூப்பிக் பழங்குடியினர் சிலர் தடையை மீறி வலை போட்டார்கள், வழக்கில் சிக்கினார்கள். மறு ஆண்டு பெத்தேல் நகர நீதிமன்றத்தில் அவர்கள் முன்வைத்தது வயிற்றுப்பாட்டை அல்ல, மதத்தை. சினூக் பிடிப்பது எங்கள் சமயக் கடமை, அலாஸ்கா அரசமைப்பு தரும் மதச் சுதந்திரம் இதற்கும் பொருந்தும் என்றார்கள். நீதிபதி அவர்களுடைய நம்பிக்கையைச் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் மீனினத்தைக் காக்க வேண்டிய அரசின் பொறுப்பு அதைவிடப் பெரியது என்று கூறி, குற்றவாளிகள் என்றே தீர்ப்பளித்தார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. தேடி வந்த மீனைப் பிடிக்காமல் விடுவது மரியாதையா அவமதிப்பா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

யூப்பிக் மரபில் மீன் வலையில் மாட்டிக்கொள்வதில்லை. தன்னை மதிக்கும் மனிதருக்குத் தன்னையே தருகிறது. ஏற்று, அறுத்து, உலர்த்தி, வீணாக்காமல் உண்டால் அது மறுபடி வரும். மறுத்தால் மனம் நொந்து வராமல் போய்விடும். அதனால்தான், பிடித்த மீனை உயிரோடு ஆற்றிலேயே விடும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் பழக்கத்தை அங்குள்ள மூத்தோர் பலர் சாப்பாட்டோடு விளையாடுவதாகக் கண்டிக்கிறார்கள். ஆக, மீன்வளத் துறை அதிகாரி பிடிக்காமல் இருந்தால்தான் மீன் திரும்பும் என்கிறார்; மூத்தவரோ பிடிக்காவிட்டால்தான் திரும்பாது என்கிறார். இரண்டாவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மீனை வெறும் இருப்புக் கணக்காகப் பார்த்த நவீன மீன்பிடித் தொழில் எத்தனை ஆறுகளைக் காலி செய்தது என்பதை நினைத்தால், அந்த ஏளனத்துக்கு நமக்குப் பெரிய தகுதி இல்லை.

நான் மூத்தவரின் பக்கமிருந்தே தொடங்குகிறேன். மீன் தன்னைத் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்குத் தருகிறது? சினூக் ஆற்றின் மேற்பகுதியில், சரளைக் கற்களின் இடுக்கில் பிறக்கிறது. கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறந்த நீருக்கே திரும்புகிறது. ஆற்றுக்குள் நுழைந்தபின் அது இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. பக்கத்திலுள்ள யூக்கான் ஆற்றின் தலைப்புக்குப் போகும் சினூக் அந்த ஒரே சேமிப்பில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு, அலாஸ்காவைக் கடந்து கனடாவுக்குள் முட்டையிட்டுச் சாகிறது. முகத்துவாரத்தில் வலை போடுபவரின் கண்ணுக்கு அது வந்து சேர்ந்துவிட்ட மீன். உண்மையில் அது பாதி வழியில் இருக்கிறது. மேலே இருக்கிற ஊர்களுக்கும், இன்னும் பிறக்காத மீன்களுக்கும் அதில் பங்கு உண்டு. முதலில் எதிர்ப்பட்ட வலைக்கே முழுக் கொடையும் என்று அந்த நம்பிக்கையே சொல்வதில்லை. யூப்பிக் குடும்பங்களில் ஒரு சிறுவன் முதன்முதலாகப் பிடித்ததை வீட்டில் வைத்துக்கொள்வதில்லை, பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள். பெற்றதைக் கைமாற்றிவிடுவது அங்கே மறுப்பு ஆகாது. அப்படியானால் ஆற்றில் போகிற மீனை மேலூருக்கு விடுவதும் ஏற்றுக்கொள்ளும் முறைகளில் ஒன்றுதான்.

இது வெளியாள் செய்யும் சாமர்த்தியமான வியாக்கியானம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் சடங்கும் விட்டுக்கொடுத்தலும் கைகோத்து நடந்த ஆறுகள் இருந்திருக்கின்றன. கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றில், கெப்பெல் என்ற இடத்தில், யூரோக் மக்கள் பெருஞ்சடங்கோடு ஆற்றின் குறுக்கே மரத்தடுப்பு கட்டிச் சால்மன் பிடித்தார்கள். பத்து நாள் பிடிப்பு முடிந்ததும் தடுப்பை அவர்களே பிரித்துவிடுவார்கள். ஹூபா, கரூக் மக்கள் வாழும் மேற்பகுதிக்கு மீன் போகும். பசிபிக் கரையில் பல இனங்கள் பருவத்தின் முதல் சால்மனைப் பகிர்ந்து உண்டு, எலும்பை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்தன. சடங்கு முடியும்வரை யாரும் வலை எடுப்பதில்லை. அந்த நாட்களில் கூட்டத்தின் முன்னணி மீன்கள் மேலே ஏறிவிடும். இன்றைய அதிகாரிகள் முதல் அலை கடக்கும்வரை ஆற்றைப் பகுதி பகுதியாக மூடுவதும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. யூரோக் வழக்கத்தை யூப்பிக் மக்களுக்குப் பாடமாக்க நான் வரவில்லை. பருவத்தடை என்பது மதத்துக்கு வெளியிலிருந்து வந்த அந்நியச் சரக்கு அல்ல என்று மட்டுமே சொல்கிறேன்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இறுதிச்சடங்கு விருந்துக்காக 1975இல் பருவம் தவறி வேட்டையாடப்பட்ட ஒரு மூஸ் மானைக் கொண்டுசென்றதற்காக அதபாஸ்கன் இனத்தவர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1979இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் மதச் சுதந்திரத்தின் பேரில் அவருக்கு விதித்த தண்டனையை நீக்கியது. மானுக்கு உண்டு, மீனுக்கு இல்லையா? ஒரு சாவுக்கு ஒரு மான் என்பது எண்ணிக்கையைக் கவிழ்க்காது. ஊரெல்லாம் பருவம் முழுக்க வலை போட்டால், வரத்து நலிந்த ஆண்டில் கவிழ்த்துவிடும். இந்த வேறுபாடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அதே தர்க்கம் சடங்குக்கான சில மீன்களுக்கு இடம் விடச் சொல்கிறது. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் யூக்கான் சினூக் பிடிப்பை ஏழு ஆண்டுகளுக்கு, அதாவது அம்மீனின் ஒரு வாழ்க்கைச் சுற்றுக்கு, நிறுத்திவைத்தபோது அந்த இடத்தை விட்டிருந்தார்கள். எல்லையைக் கடக்கும் மீன் 71,000 ஆக உயர வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் இலக்கு.

ஏழு கோடைகள் மீன் அறுக்காத வீட்டில் குழந்தைக்குக் கத்தி பிடிக்க யார் சொல்லித்தருவார்கள் என்று ஆற்றங்கரையில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை, இழப்பு இழப்புதான். அதனாலேயே சுமை யார் தலையில் ஏறுகிறது என்பது முக்கியமாகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். பெரிங் கடலோரத்திலோ நிலைமை தலைகீழ். பொல்லாக் மீனுக்குப் போகும் இழுவைக் கப்பல்களின் வலையில் 2007இல் மட்டும் சுமார் 1,20,000 சினூக் சிக்கின. அவற்றில் ஒரு பகுதிதான் யூக்கானுக்கு உரியவை. சரிவுக்குக் கடல் சூடாவதும் நோயும் பெரிய காரணங்கள் என்பதும் உண்மையே. பிறகு கப்பல்களுக்கு உச்சவரம்பு வந்தது. ஆனால் கப்பலுக்கு விதித்தது வரம்பு, சடங்குக்கான சில மீன்கள் போகக் கிராமத்துக்கு விதித்தது பூஜ்யம். ஆற்றை மூடியது சரி. மீன் மேலே போகத்தான் வேண்டும். பூஜ்யத்தைக் குடிசைக்கு மட்டும் விதித்தது சரியல்ல.