பந்தியும் நீதியும்

விருந்து உண்டால் வழக்கறிஞர் ஆகலாம்! வியப்பாக இருக்கிறதல்லவா? வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இலண்டன் மாநகரிலே 'இன்' என்ற பெயர் பூண்ட 4 சட்டக் கழகங்கள் உண்டு. பாரிஸ்டர் பட்டம் நாடுவோன் அவற்றுள் ஒன்றிலே சேர்ந்து 12 பருவங்கள், அதாவது 3 ஆண்டுகள், கழித்தாக வேண்டும் என்பது பழைய விதி. கழிப்பது எங்ஙனம்? கழகத்தின் உணவு மண்டபத்திலே, மற்ற மாணவரோடு அமர்ந்து, பருவத்துக்கு இத்தனை என்று குறித்த விருந்துகளை உண்டு கழிப்பது! தேர்வும் உண்டு. ஆனால் தேர்விலே தேறியும் விருந்துக்கு வராதவனுக்குப் பட்டம் இல்லை. 1888இலே அங்குச் சென்ற காந்தியார், பருவத்திலே நடக்கும் ஏறத்தாழ 24 விருந்துகளிலே 6க்கேனும் வந்தாக வேண்டும் என்றிருந்ததைத் தம் வரலாற்றிலே எழுதியிருக்கிறார். நால்வருக்கு 2 புட்டி மது. இவரோ மது தொடாதவர். ஆகவே இவரைத் தங்கள் நால்வர் குழுவிலே சேர்த்துக்கொள்ள ஏகப்பட்ட போட்டியாம்!

இந்த விருந்தினால் ஒருவன் எப்படிச் சட்ட அறிவு பெறுவான் என்பது காந்தியாருக்கே விளங்கவில்லை. முன்னொரு காலத்திலே, மாணவர் சிலராக இருந்தபோது, மூத்தோரோடு உரையாடும் வாய்ப்பு அதிலே இருந்தது. தம் காலத்திலோ மூத்தோருக்குத் தனி மேசை போட்டுவிட்டார்கள் என்று அவர் குறிக்கிறார். சடங்கு நின்றது; சாரம் போயிற்று. எனினும் அந்தச் சடங்கைத் தொடங்கியவன் நெஞ்சிலே ஓர் எண்ணம் இருந்திருக்க வேண்டும். மருத்துவம் பயில உடல் வேண்டும், வேளாண்மை பயில நிலம் வேண்டும். சட்டம் பயில என்ன வேண்டும்? மனிதர் வேண்டும்! தன்னைப் போல் அல்லாத மனிதரோடு தோளுரச உட்கார்ந்து பழகாதவன், நாளை இரு தரப்பாருக்கும் இடையே நின்று நீதி பேசுவது எப்படி?

ஆகவே கேட்கிறேன்: சேர்ந்து வாழ்தல் என்பது சட்டக் கல்வியின் உறுப்பா? அல்லது பாடம் முடிந்தபின் நடக்கும் பொழுதுபோக்கா?

இலண்டனிலே அந்தப் பந்தியைக் கண்டவர்களிலே நம் தமிழர் ஒருவரும் உண்டு. லிங்கன்ஸ் இன் என்னும் கழகத்திலே சேர்ந்து சட்டம் பயின்ற வ.வே.சு. ஐயர்! அஞ்சாத நெஞ்சினர், அருந்தமிழ் வல்லுநர். ஐயமில்லை. அவரே 1922இலே சேரன்மாதேவியிலே ஒரு குருகுலம் கண்டார். தமிழ்நாட்டுக் காங்கிரசு அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தருவதாகக் கூறி, ஐயாயிரத்தைக் கொடுத்தும்விட்டது. நாட்டுத் தொண்டர்களை உருவாக்கவேண்டிய அந்த இடத்திலே, பார்ப்பனச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிப் பந்தி! பெரியார் கொதித்தெழுந்தார், நாடெங்கும் அது பேச்சாயிற்று. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அந்த இருவர் மட்டும் இருந்து போகட்டும், இனிமேல் அப்படி எவரையும் சேர்க்க வேண்டாம் என்பது காந்தியார் கண்ட சமரசம். இரண்டே இலை! அதற்கா இத்தனை கூச்சல் என்று அன்று கேட்டோர் பலர். இரண்டே இலை என்றால், அதை எடுத்துப் போட்டுவிடுவதிலே ஏன் அத்தனை தயக்கம் என்று திருப்பிக் கேட்டவர் சிலர். சிலர் பக்கமே வரலாறு நின்றது.

அது பழங்கதை என்பார்கள். பழங்கதையா?

2008 நவம்பர் 12. சென்னை, டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. 1891இலே தோன்றிய நிறுவனம். உயர்நீதிமன்றத்துக்கு அண்டை வீடு! நீதிதேவதை கைநீட்டினால் தொட்டுவிடக்கூடிய தொலைவு. அங்கே, பட்டப்பகலிலே, மாணவர் மாணவரை அடித்தனர். தடி, கத்தி, இரும்புக் கம்பி! கீழே விழுந்து கிடந்தவன்மீதும் அடி! தேவர் குருபூசையை ஒட்டிய சுவரொட்டியிலே கல்லூரியின் பெயரிலிருந்து 'அம்பேத்கர்' என்ற சொல் விடுபட்டிருந்தது. அதனை ஒட்டிப் புகைந்த சாதிப் பகை அன்று பற்றி எரிந்தது. வாயிலிலே காவலர் நின்றனர். நின்றனர் — அவ்வளவுதான். கல்லூரி முதல்வரின் அழைப்பின்றி உள்ளே நுழைவதற்கில்லை என்பது பிறகு சொல்லப்பட்ட காரணம். தொலைக்காட்சியிலே நாடு முழுதும் பார்த்தது.

அடித்தவரை நாடு ஏசியது, நின்ற காவலரை ஏசியது, இரண்டும் முறையே. ஆனால் என் மனத்தை அறுக்கும் கேள்வி வேறு. அந்த மாணவர் யார்? அரசியல் சட்டத்தின் 14ஆம் விதியைத் தேர்வுக்காக உருப்போட்டவர்கள்! தீண்டாமையை ஒழித்த 17ஆம் விதிக்கு விளக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்! இந்தியத் தண்டனைச் சட்டத்திலே கொடுங்காயத்துக்கு என்ன இலக்கணம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவர்கள்! அறியாமையால் வந்த வினை என்று எப்படிச் சொல்வது? ஏட்டிலே சமத்துவம் ஏறியிருந்தது; ஏறவேண்டிய வேறோர் இடத்திலே ஏறவில்லை.

நீதிபதி சண்முகம் ஆணையம் அமைந்தது, ஆய்ந்தது, கல்லூரியை அங்கிருந்து அகற்றும் கருத்து எழுந்தது. மாணவர் எதிர்த்துப் போராடினர். 2018இலே கல்லூரி இரண்டாகிப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போயிற்று. கட்டடம் இடம் மாறியது. கட்டடமா அடித்தது?

வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் புன்னகைத்தார்.

"தம்பி! சட்டத்தின் வேலை, ஒருவனை ஒருவன் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. அன்பு செலுத்தச் சொல்லி ஆணையிட எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. யாரோடு உண்பது, யாரோடு உறவாடுவது என்பது அவனவன் உரிமை. அதிலே கல்லூரி தலையிட்டால் அதுவே அடக்குமுறை!"

வலுவான வாதம். எளிதிலே தள்ளிவிடக் கூடியதன்று. கட்டளையால் பிறக்கும் தோழமை கைவிலங்குத் தோழமை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால், அரசியல் சட்டத்தை வரைந்த மேதை அவ்வளவோடு நின்றாரா? முகவுரையிலே சுதந்திரம், சமத்துவம் என்பவற்றோடு சகோதரத்துவம் என்ற சொல்லையும் பொறித்தது அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு. 1949 நவம்பர் 25இலே அரசியல் நிர்ணய சபையிலே அவர் பேசியபோது, சகோதரத்துவம் இல்லாவிடில் மற்ற இரண்டும் மேற்பூச்சு அளவுக்குமேல் ஆழம் போகா என்று எச்சரித்தார். வெறும் நூலறிவா அப்படிப் பேசிற்று? 1918இலே பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியிலே பேராசிரியராகச் சென்றவருக்கு, ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்ற எதிர்ப்பு, சக பேராசிரியரிடமிருந்தே வந்தது! அதே மனிதர் 1935இலே பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியிலே அமர்ந்தார். பானையையும் நாற்காலியையும் ஒருங்கே கண்டவர் அவர். படிப்பு நாற்காலியைத் தரும். பானையைத் தருமா என்பதையும் அறிந்தவர்.

எங்கள் ஓசூருக்கு வாருங்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவிலே ஒலிக்கும் எல்லை ஊர். 'சிப்காட்' ஆலைகளிலே ஒடியாக்காரரும் பீகாரியும் நம்மவரோடு ஒரே வரிசையிலே தட்டேந்தி நிற்கிறார்கள். 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையிலே கேன்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இடந்தந்தது; அந்த ஏற்பாடு ஆலைக்குள்ளே ஒரு சமபந்தியை நாள்தோறும் நடத்திவருகிறது. பள்ளியிலே மதிய உணவு, 2022 முதல் காலை உணவும்! எங்கள் பிள்ளைகளுக்கு அடுத்த தட்டு எவன் தட்டு என்ற ஆராய்ச்சி இல்லை.

ஆகா, வந்துவிட்டது சமத்துவம் என்று கூத்தாடலாமா? 2018 நவம்பரிலே, இதே ஓசூருக்கு அருகே சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த இளந்தம்பதி, சாதி மாறி மணந்த குற்றத்துக்காகக் கடத்திக் கொல்லப்பட்டனர். உடல்கள் எல்லைக்கு அப்பால், கருநாடகத்திலே, காவிரியிலே கிடைத்தன. ஆலை வரிசையிலே தட்டேந்துவோரின் ஊர்தான் இது! ஆகவே தட்டு பக்கத்திலே இருந்தால் போதும் என்று சொல்ல நான் துணியவில்லை. ஆலையிலே அரைமணி உணவு, பிறகு சங்கு. யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. அருகிருத்தல் வேறு, சேர்ந்திருத்தல் வேறு.

சட்டக் கல்லூரியிலே, மற்ற எந்தக் கல்லூரியிலும் இல்லாத ஓர் அரிய பழக்கம் இருக்கிறது. 'மூட் கோர்ட்' என்னும் மாதிரி நீதிமன்றம். கற்பனை வழக்கு, உண்மை வாதம். அதிலே சுவையான விதி, ஒவ்வோர் அணியும் இரு தரப்புக்கும் வாதம் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது. காலையிலே மேல்முறையீட்டாளன்; மாலையிலே எதிர்மனுதாரன்! காலையிலே கிழித்தெறிந்த வாதத்தை மாலையிலே கட்டிக்காக்க வேண்டும். எதிரியின் நெஞ்சுக்குள்ளே புகுந்து, அவன் நியாயத்தை அவனைவிட அழகாகச் சொல்லும் பயிற்சி! அறநூல்கள் ஆயிரம் பக்கத்திலே போதிப்பதை இது ஓர் அரங்கிலே பழக்கிவிடுகிறது. சேர்ந்து வாழ்தல் என்று நான் சொல்வது இதனை. உண்பது அதற்கு வாயில், அவ்வளவே.

அந்த அரங்கிலே வளர்ந்த என் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு மடல் எழுதினான். தாய், பசுமைக்குடிலிலே ரோசாப்பூ வெட்டும் கூலியாள். 2017இலே தருமபுரியிலே அரசு சட்டக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குச் சட்டப் படிப்பு எட்டும் கனியாயிற்று. இவன் சேர்ந்தது அதுவன்று, தொலைவிலே வேறொரு கல்லூரி. அவன் எழுதியது இது:

"ஐயா, வந்த முதல் நாள் எனக்கு அறை பிடித்துத் தந்தவர்கள் எங்கள் சாதி மாணவர்கள். பழைய நூல்களைத் தந்தவர்களும் அவர்களே. காய்ச்சலிலே கிடந்தபோது கஞ்சி வாங்கி வந்தவர்களும் அவர்களே. இப்போது எங்கள் தலைவர் விழாவுக்குச் சுவரொட்டியிலே என் படமும் பெயரும் போடவேண்டும் என்கிறார்கள். மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன். ஒத்துக்கொண்டால், என்னோடு ஒரே அணியிலே மூட் கோர்ட்டுக்கு உழைக்கும் சேரித் தோழன் நாளை முதல் என் முகத்தை எப்படிப் பார்ப்பான்? என்ன செய்யட்டும்?"

சாதிச் சங்கம் என்றாலே வாளும் வேலும் என்று எண்ணியிருந்த எனக்கு, அது கஞ்சியோடும் வருகிறது என்பது உறைத்தது. கஞ்சியோடு வருவதாலேயே அது வெல்கிறது! ஒடுக்கப்பட்டோர் ஒன்றுகூடுவதை இதனோடு சேர்த்து எண்ணுவாரும் உண்டு, நான் எண்ணேன். அடிக்கு அஞ்சி முதுகோடு முதுகு சேர்த்து நிற்பது வேறு. ஆண்ட பெருமை பேசி அணிவகுப்பது வேறு. என் மாணவனோ, குடும்பம் ஏழையேனும், நிலமும் செல்வாக்கும் உடைய சாதியிலே பிறந்தவன். அவன் பெயர் அந்தச் சுவரொட்டியிலே ஏறினால் எதிர் அறைக்காரன் அதை விழா அழைப்பாகவா படிப்பான்?

மறுமொழி எழுத எனக்கு 4 நாள் ஆயிற்று. வள்ளுவரை எடுத்தேன். செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். நன்றி மறவாதே என்று அத்தனை அழுத்தமாகச் சொன்ன பெருமான், அடுத்த அதிகாரத்துக்கே நடுவுநிலைமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்! நன்றியே கண்ணை மறைக்கும் என்று அஞ்சித்தான் தராசை அதன் பக்கத்திலே கொண்டுவந்து வைத்தாரோ என்னவோ. என் மாணவனுக்கு எழுதினேன்: கஞ்சி கொடுத்தவன் ஒரு மனிதன், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடு, அவன் தங்கை திருமணத்திலே ஓடியாடி வேலை செய். அது உன் கடன். சுவரொட்டி அந்தக் கடன் பத்திரத்திலே இல்லை. அடுத்த ஆண்டு பெட்டியும் கையுமாக வந்து நிற்கும் முதலாண்டு மாணவனுக்கு, எந்த ஊர், எந்தத் தெரு என்று கேளாமல், நீ அறை பிடித்துக் கொடு.

எழுதிவிட்டேன்; ஆயினும் இருபது வயது இளைஞன் ஒருவன்மீது எத்தனை பாரத்தை ஏற்றுவது? அறையும் நூலும் கஞ்சியும் தரவேண்டியது யார் பொறுப்பு? நம் மாநிலத்திலே அரசு விடுதிகள் ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை என்று துறைவாரியாக வளர்ந்தவை. அவை இல்லையேல் இலட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கல்லூரி வாயிலையே மிதித்திருக்க மாட்டார்கள். அதை மறப்பவன் மனிதனல்லன். 2025 சூலையிலே அவற்றுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் அறிவிக்கப்பட்டது. நல்ல பெயர். பெயர்ப்பலகைக்குப் பின்னால் கட்டில்களும் கலக்க வேண்டாமா? பிற துறையிலே அல்ல, சட்டக் கல்லூரியிலேயேனும் முதலில் செய்து பார்க்கலாமே! சேரும் எல்லாருக்கும் கல்லூரி விடுதியிலே இடம். அறை பிரிப்பது குலுக்கல் முறையிலே. ஆசிரியரும் வாரம் ஒரு வேளை அந்தப் பந்தியிலே — தனி மேசை வேண்டாம், இலண்டன் கெட்டது அதனால்தான் — அதே பெஞ்சியிலே. மூட் கோர்ட் அணிகளையும் குலுக்கியே எடுக்கட்டும். இதிலே எந்த உரிமை பறிபோகிறது என்று என் வழக்கறிஞர் நண்பர் காட்டட்டும்.

சுவரொட்டி என் மாணவன் பெயரின்றியே ஒட்டப்பட்டது. அந்த வாரமே அவன் அறையைக் காலி செய்யும்படி ஆயிற்று. இப்போது அவனும் அந்தத் தோழனும் ஒரு தையற்கடை மாடியிலே வாடகைக்கு இருக்கிறார்கள். சென்ற விடுமுறையிலே வந்திருந்தபோது, எப்படிப் போகிறது என்று கேட்டேன். சண்டை ஓயவில்லை ஐயா என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலே சோறு வடிப்பது யார், பாத்திரம் கழுவுவது யார் என்று நாள்தோறும் இருவருக்கும் வழக்காம்; தோழன்தான் வாதத்திலே வல்லவனாம்.